கித்தேரியம்மாளின் கட்டிலருகே

"மதர், நான் யாருக்குக் கீழ்ப்படியணும்? கூப்பிட்டவருக்கா, கூடாதுன்னவருக்கா?"

கேட்டது சிஸ்டர் அமலோற்பவம். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. முக்காடு தோளில் சரிந்து கிடந்தது.

மதர் தெக்லா அடுப்பு முன்னால் உட்கார்ந்து, பூசைக்கு வேண்டிய ஓஸ்தி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். நீளக் கைப்பிடி வைத்த இரும்பு அச்சு. அதில் ஒரு கரண்டி மாவு. மூடி, நெருப்பில் காட்டி, திருப்பி, திறந்தால் காகிதம்போல் ஓர் அப்பம்.

"முதல்ல முக்காட்டைச் சரி பண்ணுங்க அக்கா. நெருப்புப் பக்கத்துல நிக்கறீங்க."

மதர் வயதில் இளையவள், மடத்துக்கு முந்தி வந்தவள். அமலோற்பவம் புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, தலை நரைக்கிற வயதில் வந்து சேர்ந்தவள். ஆகையால் கோயிலுக்குள் அவள் 'சிஸ்டர்', அடுப்படியில் 'அக்கா'.

உப்பங்கழிக்கு இந்தப் பக்கம் மடம். அந்தப் பக்கம் பங்குக்கோயிலும் சாமியாரும்.

மடத்தை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரி உண்டு. பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீளக் கூடம், சில கட்டில்கள், ஒரு மருந்தலமாரி, அவ்வளவுதான். பிழைத்தவர்கள் நடந்து வீட்டுக்குப் போவார்கள். பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களை மேற்கு ஜன்னல் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றுவார்கள். அந்தக் கட்டில் அமலோற்பவத்தின் பொறுப்பு.

கழியில் நீர் வற்றினால் தோணி தரை தட்டும். கடல் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

சாகிறவர்களால் அப்படிக் காத்திருக்க முடிவதில்லை.

தஸ்நேவிஸ் என்றொரு தோணிக்காரன் அப்படித்தான் போனான். சாமியாருக்கு ஆள் போயிருந்தது. சாமியார் வந்தபாடில்லை. "சிஸ்டர், என் பாவத்தை நீங்களாவது கேளுங்க," என்று அவன் அழுதான்.

அமலோற்பவம் கேட்டாள். கேட்டு முடித்து, அவன் நெற்றியில் சிலுவை போட்டு, "சர்வேசுரன் பொறுத்துட்டாரு, நீ நிம்மதியாப் போயிட்டு வா," என்றாள். அவன் சிரித்த முகமாய்ப் போனான். என்ன சொன்னான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நமக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் அவளுக்கு, தான் எதற்காக மடத்துக்கு வந்தோம் என்று விளங்கியது.

காரியத்தைக் கெடுத்தவள் தஸ்நேவிஸின் பெண்சாதி. மனசு குளிர்ந்துபோய், அடக்கத்தன்று சாமியாரிடமே சொல்லிவிட்டாள்.

"உங்களுக்கு அலைச்சல் மிச்சம் சாமி. சிஸ்டரே பாவம் பொறுத்துட்டாவ."

வியாகுலம் சாமி கெட்டவர் இல்லை. வெயிலில் அடக்கம் முடித்துப் பசியோடு மடத்துக்கு வந்தார். வைத்த கஞ்சியைத் தொடவில்லை.

"பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருப்பட்டம் வேணும். அது நான் போட்ட சட்டம் இல்ல, திருச்சபையோட சட்டம்," என்றார்.

"அவன் பயந்துபோய்க் கிடந்தான் சாமி," என்றாள் அமலோற்பவம்.

"பயந்தவனுக்கு ஜெபம் சொல்லிக் கொடுங்க. என் இடத்துல உட்காராதீங்க." அவர் மதர் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை நடந்தா, சிஸ்டர் உடுப்பைக் கழற்றி வச்சுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அமலோற்பவத்துக்கு வீடென்று ஒன்று கிடையாது. அது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டுத் தலை குனிந்து கொண்டார்.

இப்போது மேற்கு ஜன்னல் கட்டிலில் கித்தேரியம்மாள்.

"காலையிலேயே சாமிக்கு ஆள் போயாச்சு மதர். கழி வத்திக் கெடக்கு. அவ என் கையப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணு சொல்லணும், ஒண்ணு சொல்லணும்ங்கா."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"உதறிட்டு ஓடியாந்துட்டேன்."

மதர் அச்சைத் திறந்தாள். அப்பம் ஓரத்தில் கருகியிருந்தது. எடுத்துக் காட்டினாள்.

"இதுல சர்வேசுரன் இருக்காரா அக்கா?"

"என்ன கேள்வி மதர் இது? சாமியார் பூசையில எடுத்து வசனம் சொன்னாத்தானே."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் மாவு."

"அந்த மாவுக்குத்தான் காலையிலேருந்து கண்ணைக் கெடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

கருகினதை வாயில் போட்டுக்கொண்டு, அச்சில் அடுத்த கரண்டி மாவை ஊற்றினாள்.

அமலோற்பவத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்க ஒருத்தி உயிரக் கையில புடிச்சுக்கிட்டுக் கெடக்கா. நீங்க மாவுக் கத சொல்லுதீங்க. கேக்கலாமா, கூடாதா? கூடாதுன்னா இந்த உடுப்ப இங்கேயே கழட்டி வச்சுட்டுப் போய்க் கேக்கேன்."

"கழட்டினா குருப்பட்டம் வந்துருமா?"

"வராது."

"பின்னே?"

அமலோற்பவம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்னைக் கூப்பிட்டது பொய் இல்ல மதர். தஸ்நேவிஸ் தலைமாட்டுல எனக்குக் கேட்டுச்சு."

மதர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய்யின்னு நான் சொன்னேனா?"

அச்சை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க."

கித்தேரியம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

"சாமி வந்தாவளா?"

"இல்ல ஆச்சி. நான் தெக்லா."

"நீயா? நீ எதுக்கு?"

தலைமாட்டில் ஒரு முக்காலி கிடந்தது. தஸ்நேவிஸ் பேசியபோது அமலோற்பவம் உட்கார்ந்தது அதில்தான். சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் தட்டி மறைவில் உட்காருவதுபோல், முகத்தை ஒரு பக்கம் திருப்பி, காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

மதர் அந்த முக்காலியை நோக்கி நடந்தாள். மதரே உட்கார்ந்து கேட்கப் போகிறாளா? அப்படிக் கேட்டால் பழி யார்மேல் விழும்?

மதர் முக்காலியைத் தாண்டிப் போய், வெறுந்தரையில் முழங்கால் போட்டாள்.

"ஆச்சி, நான் ஒரு பாவம் செஞ்சிருக்கேன்."

கித்தேரியம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சாமிகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன். தொட்டித் தட்டிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன். முகத்தைப் பார்த்து யார்கிட்டயும் சொன்னதில்ல."

"சாகக் கெடக்கவகிட்டயா வந்து சொல்லுத?"

"நீங்கன்னா வெளியில சொல்ல மாட்டீங்க."

கித்தேரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இருமலும் வந்தது. அமலோற்பவம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் வேண்டாமென்று தள்ளினாள்.

"சொல்லு, சொல்லு."

"மடத்துக்கு வந்த புதுசு. எங்கம்மாவுக்கு முடியலைன்னு ஊர்லேருந்து ஆள் வந்தது. மடத்துக்குள்ள வந்தவ வெளியில போகக் கூடாதுன்னு அப்போ சட்டம். ஆனா அப்போ இருந்த மதர் இரக்கப்பட்டு, போயிட்டு வாடின்னு விடை கொடுத்தாங்க. நான்தான் போகல. சட்டத்தை மீற மாட்டேன்னுட்டேன். எல்லாரும் என்னைப் புனிதைன்னாங்க."

"அப்புறம்?"

"சட்டம் இல்ல ஆச்சி. பயம். எங்கம்மா சாகிறதைப் பார்க்க எனக்குப் பயம். சட்டத்தைத் தூக்கி முன்னால பிடிச்சுக்கிட்டேன்."



"அடிப் பாவி," என்றாள் கித்தேரியம்மாள். திட்டுகிற குரலாக இல்லை. "அவ உன்னையத் தேடியிருப்பாளே."

"தேடினாளாம்."

கித்தேரியம்மாள் கையை நீட்டி மதரின் முக்காட்டைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை. பிறகு யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

"என் தங்கச்சி பிரகாசி. போன வருசம் செத்தாளே, அவதான். வயசுல அவளப் பொண்ணு பாக்க வந்தாவ. நல்ல இடம். எனக்கு அப்ப இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. அவ போயிட்டா எனக்கு ஆரு இருக்கா? மாப்பிள்ளையோட அம்மைகிட்ட ரகசியம் மாதிரி சொன்னேன், அவளுக்கு வலிப்பு உண்டுன்னு. அந்த ஒரு வார்த்த ஊரெல்லாம் போயிட்டு. பெறகு ஒருத்தனும் வரல."

மூச்சு வாங்கினாள்.

"எங்கூடவே இருந்தா. எம்பிள்ளையள வளத்தா. சாகையில என்ன சொன்னா தெரியுமா? 'நீ இல்லாட்டி என்னைய ஆரு வச்சுக் கஞ்சி ஊத்தியிருப்பா அக்கா'ன்னா."

அமலோற்பவத்தின் நாக்கு நுனியில் அந்த வசனம் வந்து நின்றது. சர்வேசுரன் பொறுத்துட்டாரு. மதர் சொல்லிவிடுவாளோ என்று பார்த்தாள். மதர் ஒன்றும் சொல்லவில்லை. தரையில் இருந்தபடியே, கித்தேரியம்மாளின் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அமலோற்பவம் தன் வசனத்தை விழுங்கிக்கொண்டாள்.

"எனக்குப் பொறுத்தல் உண்டா மதர்?"

"அதைச் சாமியார்தான் சொல்லணும் ஆச்சி. நீர் ஏறினதும் தோணி வரும்."

"வராட்டி?"

"வராட்டி நீங்களே நேராப் போய் சர்வேசுரன்கிட்டயே கேட்டுருங்க."

"கேக்கேன். எனக்கென்ன பயம்?"

"என்னோடதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"அதையும் நானே சொமக்கணுமாக்கும்," என்றாள் கித்தேரியம்மாள். ஆனால் காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்த முகம் இப்போது இளகியிருந்தது.

மதர் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"மாவு புளிச்சுரும்," என்றாள். அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அமலோற்பவம் நின்ற இடத்திலேயே நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கழி வற்றித்தான் கிடந்தது. சேற்றில் நாரைகள் நடந்துகொண்டிருந்தன. சொல்ல வேண்டியவள் சொல்லிவிட்டாள். தனக்கு இனி இங்கே என்ன வேலை என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏட்டி," என்றாள் கித்தேரியம்மாள். "நீ ஏன் நிக்க?"

"ஏதாவது வேணுமா?"

"எனக்கு என்ன வேணும்? அவ சொன்னா, நான் சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லலியே."

அந்தக் கட்டிலில் கிடந்த ஒருத்தரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

பழக்கத்தில் கை முக்காலியை இழுத்தது. பாதியில் நின்றது.

அமலோற்பவம் முக்காலியை விட்டாள். மதர் இருந்த இடத்தில் முழங்கால் போட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு பக்கமும் இல்லை. கித்தேரியம்மாளின் கண் நேர் எதிரே இருந்தது.

"எங்கேருந்து ஆரம்பிக்கன்னு தெரியலியே," என்றாள்.

"பெருசுலேருந்து ஆரம்பி," என்றாள் கித்தேரியம்மாள். "எனக்கு நேரமில்ல."