உறை கழற்றிய சபை

முன்னொரு காலத்தில் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இது அவ்வளவு பழைய கதை இல்லை. அரசர்களின் கைக்கும் செல்போன் வந்துசேர்ந்த பிறகு நடந்தது. மலைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன நாடு. அங்கே சிம்மாசனமும் இருந்தது, சிம் கார்டும் இருந்தது. மகுடவர்மர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர். ஒரே ஒரு குணம்தான் சங்கடம். புதிதாக ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால், அது நாட்டில் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

அவருடைய சபையில் வெண்காடன் என்று ஒரு விகடகவி இருந்தான். அரசருக்குக் கோபம் வந்தால் சிரிக்க வைப்பான். சிரிப்பு அதிகமானால் யோசிக்க வைப்பான். அதனால் அரசருக்கு அவன்மேல் பிரியம். அந்தப் பிரியத்தைக் கண்டாலே கருவூல அமைச்சர் பரசிவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் பரசிவர் வெளிநாட்டு வியாபாரி ஒருவனைச் சபைக்கு அழைத்துவந்தார். அவன் பட்டுத்துணியைப் பிரித்து ஒரு கைபேசியை எடுத்துக் காட்டினான். அதன் பெயர் வைரமுகி. முன்னாலும் கண்ணாடி, பின்னாலும் கண்ணாடி. அதன் விலைக்கு ஒரு ஜோடி உழவு மாடும் வண்டியும் வாங்கிவிடலாம்.

"இவ்வளவு விலையா?" என்றார் அரசர்.

"விலை அதிகமாக இருப்பதே அதன் உறுதிக்குச் சாட்சி, அரசே" என்றார் பரசிவர். "மலிவானது உடையும். இது தங்கள் காலம் முழுவதும் உழைக்கும்."

அரசர் மகிழ்ந்துபோய் வெண்காடனைத் திரும்பிப் பார்த்தார். "கவியே, இதன்மேல் ஒரு பாட்டுப் பாடும்."

வெண்காடன் அந்தக் கைபேசியை அதற்கு முன் தொட்டதுகூட இல்லை. இருந்தாலும் அரசர் கேட்டால் அவன் நாக்கு சும்மா இருக்குமா? அந்த இடத்திலேயே பாடினான்.

"கல்லின்மேல் விழுந்தாலும் கலங்காது வைரமுகி,
கல்லுக்குத்தான் காயம், கட்டுப்போட வாருங்கள்!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அரசர் அங்கேயே அவனுக்கு ஒரு வைரமுகியைப் பரிசளித்தார். பரசிவர் அந்தப் பாட்டை ஊர்ச் சுவரெல்லாம் எழுதவைத்தார். தலையாரிகள் தண்டோராவிலும் அதைப் பாடினார்கள். சபையில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் வாங்கினார்கள். வாங்காதவன் ஏழை என்றோ ரசனை இல்லாதவன் என்றோ பெயரெடுக்க வேண்டும். அதற்கு யார் துணிவார்கள்?

ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த வெண்காடன் எழுந்தான். மடியிலிருந்த வைரமுகி வழுக்கித் தரையில் விழுந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. எடுத்துப் பார்த்தால், கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை.

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பக்கத்து ஊர்ப் பழுதுபார்க்கும் கடைக்குப் போனான். கடைக்காரர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணாடி மாத்தலாம் சார். ஆனா அந்தக் காசோட இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா புதுசே வாங்கிரலாம்."

"உறுதியானது என்று சொன்னார்களே?"

"யார் சொன்னாங்க?"

வெண்காடன் சுவர்ப் பக்கம் பார்த்தான். அந்தக் கடையின் சுவரிலேயே அவன் பாட்டு எழுதியிருந்தது. தடிமனான ரப்பர் கவர் ஒன்றை வாங்கி, உடைந்த கைபேசியை அதற்குள் திணித்துக்கொண்டு வீடு திரும்பினான். தன் கைதான் சரியில்லை, தன் கவனம்தான் போதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அரண்மனைச் சமையற்கட்டில் செம்பாயி என்று ஒருத்தி இருந்தாள். அடுப்படி முழுக்க அவள் பொறுப்பு. அவளுடைய மகன் கடல் கடந்து வேலைக்குப் போயிருந்தான். ஒருநாள் வெண்காடன் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் இலையில் சோற்றை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"ஐயா, அந்த வைரமுகி போனை எப்படி உசுப்புறது? கொஞ்சம் பாக்கறீங்களா?"

அவள் கையிலும் ஒரு வைரமுகி! திரை கறுப்பாக இருந்தது. வெண்காடன் பொத்தானை அமுக்கினான். அசையவில்லை.

"எங்கே விழுந்தது?"

"விழவே இல்லீங்க. உலைக்குப் பக்கத்துல வெச்சிருந்தேன், ஆவி பட்டிருக்கு. தண்ணி பட்டா கேரண்டி கிடையாதுன்னு கடையில கைய விரிச்சுட்டாங்க. அரண்மனைக் கணக்குல தவணைக்குத்தான் வாங்கினேன், மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிறது மட்டும் நிக்கல. மகன் மொகத்த நல்லாப் பாக்கலாமேன்னு வாங்கினேன். பழைய போனையும் குடுத்துத் தொலைச்சுட்டேன்."

"இவ்வளவு விலையில் எதற்கு வாங்கினாய், செம்பாயி?"

அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானே பாடினீங்க? பாட்டு நல்லா இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவன் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பான். வெண்காடன் இலையை மூடிவிட்டு எழுந்தான். கை கழுவும்போது தண்ணீரில் தன் முகம் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் தண்ணீரைக் கலக்கிவிட்டான்.

அந்த வாரமே அரசர் சபையில் ஒரு கட்டளை சொன்னார். அரண்மனையில் வேலை செய்யும் அனைவரும், யானைப்பாகன் முதல் தோட்டம் கூட்டுபவர் வரை, வைரமுகி வாங்க வேண்டும். விலை சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப்படும். யோசனை பரசிவருடையது. சபை கைதட்டியது.

வெண்காடன் எழுந்து நின்றான். "அரசே, அந்தக் கட்டளை வேண்டாம். வைரமுகி அந்த விலைக்கு உழைக்காது."

பரசிவர் இதற்காகத்தான் காத்திருந்தவர்போல எழுந்தார். "மன்னா, கல்லுக்குத்தான் காயம் என்று பாடியவர் இவர். பரிசும் வாங்கிக்கொண்டார். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா? உடையும் என்றால் நிரூபிக்கட்டும். ஆனால் அதற்காக ஒன்றைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டு, பார்த்தீர்களா என்று கேட்பதை ஏற்க முடியாது. தூக்கிப் போட்டால் எதுதான் உடையாது?"

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. முகம் இறுகியது.

"வெண்காடரே, நாளை சபையில் நிரூபியும். ஆனால் நாளை ஒரு வைரமுகிக்கும் கீறல் விழக்கூடாது. கீழே போடக்கூடாது, நனைக்கக்கூடாது, பிரித்துப் பார்க்கவும் கூடாது. உம்மால் முடியாவிட்டால், இனி இந்தச் சபையில் நீர் வாயே திறக்கக்கூடாது."

உடைக்காமலே உடையும் என்று காட்ட வேண்டும். சபை கலையும்போது பரசிவர் மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

வெண்காடன் அன்று மாலை முழுவதும் யோசித்தான். சேனாபதியின் கைபேசிமேல் கேடயம் மாதிரி ஒரு கவர் இருப்பது நினைவுக்கு வந்தது. ஆஸ்தான ஜோதிடர் எப்போதும் தன்னுடையதைக் குப்புறத்தான் வைக்கிறார். அவர்களுக்கும் இதே கதியோ? அல்லது தனக்கு மட்டும்தானோ? தனக்கு மட்டும்தான் என்றால், நாளை அத்தனை பேர் முன்னாலும் அவன் ஒருவன் மட்டும் தலைகுனிய வேண்டிவரும். செம்பாயியின் முகத்தை நினைத்துக்கொண்டான். அப்படியே ஆகட்டும் என்று முடிவுசெய்தான்.

மறுநாள் அவன் ஒரு பூத்தட்டோடு சபைக்கு வந்தான். பரசிவர் சிரித்தார். "என்ன கவியே, தோல்வியை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கவா?"

"ஆமாம் அமைச்சரே, மன்னிப்புக் கேட்கத்தான்" என்றான் வெண்காடன். அரசரை வணங்கினான். "அரசே, வைரமுகியைப் பழித்துப் பேசிவிட்டேன். இங்கிருக்கும் ஒவ்வொரு வைரமுகிக்கும் பூப்போட்டு வணங்க அனுமதி வேண்டும். பூ விழுந்தால் கீறல் விழாது."

அரசர் முகம் மலர்ந்தது. "தாராளமாக."

"ஒரே ஒரு வேண்டுகோள். சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் ரப்பர் கவருக்குப் பூப்போட எனக்கு மனம் இல்லை. எல்லோரும் கவரைக் கழற்றி, வைரமுகியை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்."

"அதற்கென்ன? கழற்றுங்கள்!" என்றார் அரசர்.

ஒருவர் கையும் அசையவில்லை.

"என்ன தயக்கம்? சேனாபதி!"

"கவர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அரசே."

"வாளை உருவுகிற கைக்கு ரப்பர் கவர் இறுக்கமா?"

சேனாபதி தரையைப் பார்த்தார். சபையில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோருக்கும் இதே கதிதான் என்று வெண்காடனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆனாலும் அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. தட்டைக் கீழே வைத்தான். மடியிலிருந்து தன்னுடைய கைபேசியை எடுத்துக் கவரை உரித்து, உடைந்த கண்ணாடி அரசருக்குத் தெரியும்படி இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தான்.

"இது தாங்கள் தந்த பரிசு. ஊஞ்சலிலிருந்து எழுந்தபோது விழுந்தது. அன்றே வந்து சொல்லியிருக்க வேண்டும். ஊரையே நம்பவைத்துவிட்டு, என் கையிலேயே உடைந்தது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மூடி மறைத்தேன். நான் மறைத்த நாட்களில் இன்னும் எத்தனையோ பேர் வாங்கிவிட்டார்கள்."

சொல்லி முடித்தபோது அவன் காது மடல்கள் சிவந்திருந்தன. யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

சேனாபதி மெதுவாகக் கவரைக் கழற்றினார். அவருடைய கைபேசியின் முதுகு முழுக்க நொறுங்கியிருந்தது.

"போரிலா?" என்றார் அரசர்.

"இல்லை, அரசே. கட்டிலிலிருந்து. பாயின்மேல்தான் விழுந்தது."

ஜோதிடர் தன்னுடையதைத் திருப்பிவைத்தார். பாதித் திரையில் பச்சைக் கோடுகள் ஓடின. "நல்ல நேரம் பார்த்துத்தான் வாங்கினேன்" என்று முணுமுணுத்தார். பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மூலை உடைந்தது, சார்ஜ் நிற்காதது, டேப் ஒட்டியது என்று வரிசையாக வந்தன. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமலேயே ஒவ்வொருவரும் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் எல்லோர் கண்களும், வேண்டாம் வேண்டாம் என்று தயங்கிக்கொண்டே, அரசரின் கைக்குப் போயின. அவர் கைபேசிக்குத் தங்கக் கவர். கட்டை விரலில் ஒரு துணிக்கட்டு இருந்தது. வீணை மீட்டியதில் நரம்பு கிழித்துவிட்டது என்று முன்பு சொல்லியிருந்தார். வெண்காடன் சட்டென்று குனிந்துகொண்டான். கவரைக் கழற்றும்படி அரசரிடம் அவன் கேட்கவில்லை.

மகுடவர்மர் தானாகவே கவரைக் கழற்றினார். இரண்டு கண்ணாடிச் சில்லுகள் தரையில் உதிர்ந்தன.

"என் விரலைக் கிழித்தது இதுதான்" என்றார். "என் கைக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். அரசன் கை நடுங்குகிறது என்று நீங்கள் பேசுவீர்களே என்று மறைத்தேன்." சபையைச் சுற்றிப் பார்த்தார். "நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்களா?"

சபை மொத்தமும் தலையாட்டியது.

"பொறுங்கள், மன்னா!" என்று குரல் வந்தது. பரசிவர் தன் வைரமுகியை உயர்த்திப் பிடித்தார். கவரும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. விளக்கொளியில் மின்னியது. "ஒழுங்காகப் பயன்படுத்தினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். குற்றம் பொருளில் இல்லை. கையில்தான்."

வெண்காடன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். விரல் ரேகைகூடப் படாத திரை.

"அரசே, கைபேசி நன்றாக இருக்கிறதா என்பது பேசினால்தானே தெரியும்? தாங்களே அமைச்சரைக் கூப்பிட்டுப் பாருங்கள்."

அரசர் உடைந்த திரையில் பரசிவரின் எண்ணை அழுத்தினார். பரசிவர் கையில் உயர்த்திப் பிடித்திருந்த வைரமுகி சத்தமே போடவில்லை. ஆனால் அவர் அங்கிக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவியது.

பரசிவர் மார்பைப் பொத்திக்கொண்டார். சேவல் நிறுத்தவில்லை. கடைசியில் உள்ளே கைவிட்டு எடுத்தார். ஒரு பழைய பட்டன் போன். எண்களெல்லாம் தேய்ந்து, ரப்பர் வளையம் சுற்றியிருந்தது.

"இது எப்போது வாங்கியது?" என்றார் அரசர்.

"என் மகள் கல்யாணத்துக்கு முன்னால், அரசே. ரொம்ப தடவை விழுந்திருக்கிறது. ஒருமுறை கிணற்றிலும்."

"அப்படியானால் வைரமுகி?"

பரசிவர் வைரமுகியைக் கீழே இறக்கினார். "இன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தேன். அவ்வளவு விலை கொடுத்ததை எப்படிக் கையில் வைத்துக்கொண்டு நடமாடுவது? பயமாக இருக்கிறது."

அரசர் அவரைப் பார்த்தார். தன் விரல் கட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு சிம்மாசனமே குலுங்கும்படி. ஆனால் அவர் கண் ஓரத்தில் இருந்தது சிரிப்பால் வந்த ஈரம் மட்டும் இல்லை.

"வெண்காடரே, விலை உயர்ந்ததெல்லாம் வீண் என்கிறீரா?"

"இல்லை, அரசே. இதில் எடுக்கிற படம் அழகாக இருக்கிறது. குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் கேட்கிறது. அதற்கு விலை கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும். நாம் கொடுத்தது அழகுக்கான விலை. உறுதிக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். அந்த நினைப்பை ஊருக்கு விற்றவன் நான்தான்."

அரசர் கட்டளையைக் கிழித்துப் போட்டார். ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்ததெல்லாம் பரசிவரின் கையாலேயே, அவரவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்த் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்றார். பரசிவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை தேவைப்படவில்லை. பிறகு தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார்.

எப்போதும் பரிசு வாங்கியதும் ஒரு வேடிக்கை சொல்லிக் குதிப்பான் வெண்காடன். அன்றோ, சபை கலைந்து வெகுநேரம் கழித்து முத்துமாலையோடு சமையற்கட்டுக்குப் போனான். செம்பாயி குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். மாலையைக் கழற்றி அவள் முன் நீட்டினான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். "எனக்கு எதுக்குங்க இது? அமைச்சரு வந்து காசக் குடுத்துட்டுப் போயிட்டாரு. ஒரு சின்ன போன் வாங்கிக்குவேன்."

"என்னால் உனக்கு..." என்று தொடங்கியவனுக்கு வார்த்தை வரவில்லை. நாடே மெச்சிய நாக்கு!

செம்பாயி மணையைக் காலால் நகர்த்திப் போட்டாள். இலையை விரித்தாள்.

"உக்காருங்க ஐயா. அன்னிக்குப் பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள். தலை நிமிராமலேயே, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான். அரசர் நலமாக இருந்தார், நாடும் நலமாக இருந்தது. அந்த நாட்டு விகடகவி மட்டும் அதன் பிறகு, கையில் எடுத்து ஒரு வருடம் புழங்கிப் பார்க்காத எந்தப் பொருளைப் பற்றியும் பாடவே இல்லை.