ராஜா ஊதிய மரத்தூள்

முன்னொரு காலத்தில், கடலும் சேறும் கலக்கிற ஒரு நாட்டில், ஆசை அடங்காத ராஜா ஒருவர் இருந்தார். பால்போல வெளுத்த சிம்மாசனம் வேண்டுமென்றார். அரண்மனை மந்திரவாதி தில்லை மரத்தைக் காட்டினான். அதன் பால் பட்டால் கண் போகும். அதை மட்டும் அவன் சொல்லவில்லை.

மூன்று தச்சர்கள் வந்தார்கள். அறுக்க அறுக்கத் தூள் பறந்தது, கண் சிவந்தது, மூச்சு இழுத்தது. வேலை நின்றால் தன் குட்டு வெளிப்படுமே என்று மந்திரவாதி பட்டறைக்கு ஒரு மந்திரம் போட்டான்: இங்கே 'எரியுது' என்று சொல்கிறவர் மரப்பொம்மை ஆவார்.

சடையப்பன் சொன்னான், பொம்மையானான். பொன்னன் சொன்னான், பொம்மையானான். மருதன் அந்தச் சொல்லை மட்டும் வாயிலெடுக்கவில்லை. தினமும் மந்திரவாதி வந்து கேட்பான்.

"கண் எப்படி இருக்கு?"

"குளுகுளுன்னு இருக்குங்க சாமி."

பயத்தில் வீட்டிலும் அதையே சொல்வான். அவன் மனைவி செங்கமலம் நம்புவாளா? அவன் துண்டைத் துவைத்த கையெல்லாம் கொப்புளம். அப்பா தோளில் சாய்ந்த குழந்தைக்கு முகமெல்லாம் வீக்கம். ஒருநாள் எதிரே இருந்த சோற்றுத் தட்டைத் தேடி அவன் தரையைத் தடவினான். அன்றைக்கு அவள் சும்மா இருக்கவில்லை. கூடவே பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள். அங்கே நின்ற இரண்டு பொம்மைகளையும், மந்திரவாதியின் கேள்வியையும், புருஷனின் பதிலையும் பார்த்து மந்திரத்தைப் புரிந்துகொண்டாள்.

தச்சர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செதுக்கிய சிங்கத்துக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அப்போது உதிரும் தூளை, பொருளுக்குச் சொந்தக்காரர்தான் குனிந்து ஊத வேண்டும்.

மருதன் விரலால் தடவித் தடவிச் சிம்மாசனத்துச் சிங்கத்தின் கண்ணைத் திறந்தான். ராஜா வந்தார். சேவகன் ஊதட்டும் என்று மந்திரவாதி அவசரமாகக் குறுக்கே வந்தான்.

"அப்ப சிம்மாசனம் சேவகருக்குத்தான் சொந்தம் மகாராஜா," என்றாள் செங்கமலம். "எங்களுக்கென்ன, அவரையே உட்காரச் சொல்லுங்க."

ராஜாவுக்கு ரோஷம் வந்தது. குனிந்தார். பலமாக ஊதினார். தூளெல்லாம் முகத்தில் அடித்தது.

"கண் எப்படி இருக்குங்க மகாராஜா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"ஐயோ, எரியுது!"

கால் மரமானது, இடுப்பு மரமானது. கழுத்துக்கு ஏறுமுன் மந்திரத்தை எடுடா என்று அலறினார். ராஜா போனால் தன் தலையும் போகுமே! மந்திரவாதி மந்திரத்தை அறுத்தான். ராஜா பிழைத்தார். சடையப்பனும் பொன்னனும் உயிர்த்து, விட்ட இடத்திலிருந்து இருமினார்கள். மந்திரம் போனது, விஷம் போகவில்லை.

மந்திரவாதியை நாட்டைவிட்டே விரட்டினார்கள். சிம்மாசனத்தைக் கொளுத்தச் சொன்னார் ராஜா. அந்தப் புகை ஊர்க்கண்ணையே கெடுக்கும், புதைத்துவிடுங்கள் என்றாள் செங்கமலம். இனி அந்த மரத்தில் யாரும் கோடாலி வைக்கக் கூடாதென்று பறையறைந்தார்கள்.

ராஜா அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"இவர் கண்ணு வேணுங்க."

அது ராஜாவிடம் இல்லை. வயல் கொடுத்தார்.

மருதன் அந்த வயலைப் பார்த்ததே இல்லை. செங்கமலத்தின் தோளைப் பிடித்து வரப்பில் நடந்து, பயிர் எப்படி என்று கேட்பான். விளைந்தால் விளைந்தது என்பாள், கருகினால் கருகியது என்பாள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் பொய் சொல்லவில்லை.