கொளஞ்சி வீட்டு ட்ரோன் கல்யாணம்

பக்கத்து ஊர்க் கல்யாணத்தை ட்ரோன் வைத்துப் படம் பிடித்து, அது எல்லார் போனுக்கும் வந்து சேர்ந்த நாளிலிருந்து வடலமேட்டில் யாருக்கும் மனசு சரியில்லை. மேலேயிருந்து பார்த்தால் ஏரி வெற்றிலை மாதிரி இருந்தது. பந்தல் பூக்கோலம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்த கண்ணுக்குத் தரையில் நின்று எடுத்த போட்டோவெல்லாம் ரேஷன் கார்டுப் படமாகத் தெரிந்தது.

கொளஞ்சிக்கு மகள் வெண்ணிலாவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ட்ரோன் இல்லாமல் தாலி கட்டினால் செல்லுமா என்று அவர் உண்மையாகவே பயந்தார். டவுனிலிருந்து ரூபன் என்கிற ட்ரோன்காரரை வரவழைத்தார்.

ரூபன் விவரமாகச் சொன்னார். "அண்ணே, மேலேர்ந்து எடுக்கறப்ப முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். யாரும் கேமராவைப் பார்க்காதீங்க. நான் ட்ரோனை இறக்குறவரைக்கும் எடத்தை விட்டு அசையாதீங்க. அவ்வளவுதான்."

அவர் போனதும் கொளஞ்சி இடிந்துபோய் உட்கார்ந்தார். சொந்தபந்தம் எல்லாருக்கும் பட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் உச்சந்தலையையா காட்டுவது?

மனைவியின் தம்பி அஞ்சாபுலி யோசித்துச் சொன்னான். "மச்சான், அவங்கவங்க பேரை அவங்கவங்க தலையில எழுதிடலாம். எனக்கு வழுக்கைதான், எடம் இருக்கு."

"முடி இருக்கறவங்க?"

"மொட்டை போட்டுக்கட்டும்."

"சரி, படிக்கத் தெரியாதவங்க படத்தைப் பார்த்தா?"

கேட்ட கையோடு கொளஞ்சிக்கே திடீரென்று முகம் மலர்ந்தது. "ஏன்டா, படுத்துக்கிட்டா முகம் தெரியுமில்ல?"

"தெரியும். ஆனா மேல பார்த்துப் படுத்தா கேமராவைப் பார்த்த மாதிரி ஆயிடுமே?"

"கண்ணை மூடிக்கணும்."

இவ்வளவு நாள் இந்த மனுஷனைச் சாதாரணமாக நினைத்துவிட்டோமே என்று அஞ்சாபுலி வருந்தினான்.

கல்யாணத்தன்று காலை ரூபன் ஏரிக்கரைக்குப் போய், மாப்பிள்ளை வேன் வருவதை எடுக்கக் காத்திருந்தார். இங்கே பந்தல் முன்னால் புதுப்பாய் விரித்து ஊரே வரிசையாகப் படுத்தது. படம் எடுப்பாக வரட்டும் என்று ஆளுக்கொரு மாலை போட்டிருந்தார் கொளஞ்சி. நடுவில், கைகளை மார்மேல் வைத்துக்கொண்டு, வெண்ணிலா. ட்ரோன் சத்தம் கேட்டதும் எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

மாப்பிள்ளை இளவழகன் வேனில் வந்துகொண்டே, ட்ரோன் காட்டுவதைத் தன் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் ஏரி வந்தது. அப்புறம் தென்னந்தோப்பு. அப்புறம் மாலையும் கழுத்துமாக மல்லாந்து கிடக்கும் பெண் வீட்டார் மொத்தப் பேரும் வந்தார்கள்.

"அம்மா!" என்று அலறினான்.

வேன் வந்து நிற்பதற்குள் அவன் அம்மா மாரில் அடித்துக்கொண்டு குதித்துவிட்டாள். ஏரிக்கரையில் அந்த அழுகையைக் கேட்டு ரூபன் ரிமோட்டை மறந்து திரும்பிப் பார்த்தார். ட்ரோன் ஒரு வேப்பமரத்தின் உச்சிக்கிளையில் போய்ச் சிக்கிக்கொண்டது.

இளவழகன் வெண்ணிலா பக்கத்தில் மண்டியிட்டான். "வெண்ணிலா! என்னை விட்டுப் போயிட்டியா?"

"எங்கயும் போகலைங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "ட்ரோன் இறங்கிடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க. கழுத்து வலிக்குது."

ஓடிவந்த ரூபன் கத்தினார். "எல்லாரும் எந்திரிங்கண்ணே!"

"ட்ரோனை இறக்கியாச்சா தம்பி?" என்றார் கொளஞ்சி, கண்ணை மூடியபடியே.

"மரத்துல மாட்டிக்கிச்சு!"

"அப்ப எப்படி எந்திரிக்கறது? நீங்க சொன்ன பேச்சுதானே?"

"முகூர்த்தம் போகுதே சம்பந்தி!" என்று மாப்பிள்ளையின் அம்மா கெஞ்சினாள்.

"மரத்துல ஏறி எடுக்க எங்க ஊர்ல நல்ல ஆளுங்க இருக்காங்க சம்பந்தியம்மா" என்றார் கொளஞ்சி பெருமையாக. "ஆனா எல்லாரும் படுத்திருக்காங்க."

வேறு வழியில்லாமல் இளவழகனே பட்டுவேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மரமேறினான். ட்ரோன் தரையைத் தொட்டதும் ஊர் எழுந்தது. முகூர்த்தம் முடிவதற்குள், உடம்பெல்லாம் சிராய்ப்போடும் தலையில் வேப்பிலையோடும் அவன் தாலி கட்டினான். வெண்ணிலா அவனை ஒருதரம் பார்த்துச் சிரித்தாள். அவனும் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டான்.

ஒரு மாதம் கழித்துப் பெரிய சட்டம் போட்டுப் படம் வந்தது. அஞ்சாபுலி ஆணியும் சுத்தியலுமாக வந்தான். கொளஞ்சி தடுத்துவிட்டார்.

"சுவத்துல மாட்டினா எல்லாரும் நிக்கற மாதிரி தெரியும்டா. படுத்ததெல்லாம் வீணாப்போயிடும்."

படத்தைக் கூடத்தில் தரையில் கிடத்தினார்கள். இரண்டு பேரும் ஸ்டூல் மேல் ஏறி நின்று குனிந்து பார்த்தார்கள். கொளஞ்சி தேடித் தேடிப் பார்த்தார். தன்னை மட்டும் காணவில்லை.

"எந்த எடத்துல படுத்தீங்க மச்சான்?"

"கண்ணை மூடியிருந்தேனே, எனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணை மூடினா உங்க முகம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாலாவது தேடலாம். கண்ணாடில ஒருதரம் பாத்துட்டு வாங்க."

கொளஞ்சி இறங்கிப்போய்ப் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணை இறுக மூடி, நிதானமாகப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"தேடாதடா. கண்ணாடியிலயே நான் இல்ல. படத்துல எங்க இருக்கப்போறேன்?"

அஞ்சாபுலிக்கு வேர்த்துவிட்டது. "அப்படின்னா மச்சான், அன்னிக்குப் பொண்ணைத் தாரைவார்த்துக் குடுத்தது யாரு?"

அந்த ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு பேரும் மறுபடி ஸ்டூலில் ஏறினார்கள்.