கடைசி வளைவில் நிற்பவர்

கோவைக்குத் தெற்கே, காற்றாலைகள் சுற்றும் வெட்டவெளியில் ஒரு பந்தயத் தடம் உண்டு. அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் ஜெசிந்தா டீச்சர். அவரிடம் கற்றவர்களிலேயே வயதில் மூத்தவர் வையாபுரி. ஐம்பதைத் தாண்டியவர், கார் செய்யும் கம்பெனி ஒன்றில் தலைமை இன்ஜினியர். டீச்சரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். பிடிவாதத்தில் மட்டும் இருவருக்கும் ஒரே வயது.

அந்தத் தடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் செய்த காரில் வெளியாட்களை ஏற்றி ஓட்டுவதென்றால், காரைச் செய்தவர் கையில் டீச்சர் பச்சைக் கொடியைக் கொடுக்க வேண்டும். முதல் ஓட்டத்துக்குக் காரைச் செய்தவரே அந்தக் கொடியை அசைக்க வேண்டும்.

வையாபுரி செய்த மின்சார சூப்பர் கார் கொடிக்குக் காத்திருந்தது. மறுநாள் காலையில் விருந்தாளிகள் வருகிறார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வரப் பெரிய மனிதர்கள் பலர் பெயர் கொடுத்திருந்தார்கள். கொடி இல்லாமல் வந்தால் வேலைக்கே வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

டீச்சர் காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"என்ன எடை?"

"ரெண்டு டன்னுங்க."

டீச்சர் காரை இன்னொரு முறை சுற்றி வந்தார். அதுவே வையாபுரிக்குச் சுருக்கென்றது.

"ஏனுங்க டீச்சர், நானே கேக்கணும்னு இருந்தேன். இந்தக் காலத்து சூப்பர் காருக்கு எடையெல்லாம் ஒரு விசயமுங்களா? ஆயிரம் குதிரை சக்தி இழுக்குது. வண்டி கொஞ்சம் அலைஞ்சா கம்ப்யூட்டர் புடிச்சுக்குது. உங்க பழைய பந்தய வண்டி இதுல கால்வாசி எடைதான். காலைல ரெண்டையும் ஓட்டிப் பாத்தமல்லங்க, எது முன்னாடி வந்துச்சு?"

"உங்க வண்டிதான்."

"அப்பறமென்னங்க?"

அதில் பொய் ஏதும் இல்லை. பழைய வண்டி பாதி தூரம் வருவதற்குள் புதிய வண்டி நேர்த்தடத்தை முடித்துவிட்டது. டீச்சர் அதை மறுக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை.

"ரெண்டு வண்டியையும் கடைசி வளைவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க," என்றார்.

கடைசி வளைவு நீண்ட நேர்த்தடத்தின் முடிவில் இருக்கிறது. திரும்பத் தவறிய வண்டி நேராகப் போய் முட்டட்டும் என்று, வெளி ஓரத்தில் பழைய டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள்.

டீச்சர் தன் பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

"பின்னால நின்னு தள்ளுங்க."

வையாபுரி தள்ளினார். குழந்தையின் மூன்று சக்கர வண்டி போல அது சட்டென்று உருண்டது.

"இப்ப முன்னால வந்து நிறுத்துங்க."

ஓடிவந்து இரண்டு கையையும் வைத்தார். நின்றது.

டீச்சர் இறங்கி, புதிய காரில் உட்கார்ந்தார். "இதையும் தள்ளுங்க."

வையாபுரிக்கு விஷயம் கொஞ்சம் புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முட்டுக்கொடுத்துத் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. கார் மெல்ல அசைந்தது, பிறகு உருண்டது.

"பாத்தீங்களா, போகுதல்லங்க!" என்று மூச்சிரைக்கக் கத்தினார்.

"போகுது. முன்னால வாங்க."

விலகி நின்றிருக்கலாம். எடை ஒரு விஷயமே இல்லை என்று சொன்ன மனுஷன் எப்படி விலகுவார்? முன்னால் ஓடிப் போய் பானெட்டில் உள்ளங்கையை ஊன்றினார். கார் வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். அது அவரைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தது. பல்லைக் கடித்தார், குதிகாலை ஊன்றினார். செருப்பு இரண்டும் தரையில் வழுக்கின. முதுகில் டயர் அடுக்கு இடித்தபோது அவருக்கு உண்மையிலேயே உயிர் போய்த் திரும்பியது.

டீச்சர் பிரேக்கை மிதித்தார்.

"என்னைக் கொல்லப் பாத்தீங்களா?"

"நடந்து வந்த வண்டிங்க அது."

"கையில நிறுத்தறதும் பிரேக்குல நிறுத்தறதும் ஒண்ணுங்களா? இதுல போட்டிருக்கிற பிரேக் என்ன பிரேக்குன்னு தெரியுமல்லங்க? யானையையே நிறுத்தும்!"

"உங்க கை மடங்குச்சா?"

வையாபுரி தன் கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். புழுதியில் அவர் செருப்பு இழுபட்டு வந்த கோடு இரண்டும் நீளமாகக் கிடந்தன.

"கை மடங்கலீங்க. கால்தான் வழுக்கிருச்சு."

டீச்சர் காரின் டயர்களைப் பார்த்தார். வையாபுரியும் பார்த்தார். பிரேக் எத்தனை பிடித்தாலும் தரையில் வழுக்கப்போவது அவைதான் என்று அவருக்கும் புரிந்தது. ஆனாலும் அவருக்கு விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"எல்லாத்தையும் கணக்குப் போட்டுத்தானுங்க செஞ்சிருக்கேன். கொடியைக் குடுங்க."

அவர் எதிர்பார்க்கவே இல்லை. டீச்சர் இறங்கிப் போய், தன் பழைய வண்டியின் சீட்டுக்குப் பின்னாலிருந்து பச்சைக் கொடியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

வையாபுரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாளைக்கு ஸ்டார்ட்டிங் லைன்ல நின்னு ஆட்டறனுங்க. போட்டோக்காரங்க அங்கதான் இருப்பாங்க."

"அங்க வேண்டாம். இங்க நின்னு ஆட்டுங்க."

"இங்கயா?"

"இப்ப நிக்கிற இடத்துலயே. வண்டி முழு வேகத்துல உங்களைப் பாத்து வரும்."

வையாபுரி நேர்த்தடத்தைப் பார்த்தார். அதன் மறுமுனை வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. முதுகில் டயர் அடுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பையில் போன் அடித்தது. முதலாளி.

"என்னப்பா, கொடி கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க."

"சபாஷ்! நான்தான் சொன்னேனே."

"கடைசி வளைவுக்கு எதிர்ல நின்னுதான் அதை ஆட்டணுமாம். நாளைக்கு நீங்க வந்து நிக்கறீங்களா?"



"நான் எதுக்குய்யா அங்க நிக்கணும்? நீ எதுக்கு இருக்கிற?"

வையாபுரி புழுதியில் கிடந்த கோடு இரண்டையும் மறுபடி பார்த்தார்.

"அப்ப நாளைக்கு வண்டி ஓடாதுங்க. எடையை இறக்கோணும். இறக்கினப்பறம் நானே கூப்பிடறேன்."

"நாளைக்கு ஓடலைன்னா உனக்கு வேலை இல்ல, தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. வேற ஆளைப் போட்டீங்கன்னா அவரையும் இங்க வந்து நிக்கச் சொல்லுங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார். கொடியைச் சுருட்டி டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் வாங்கவில்லை.

"நீங்களே வச்சிருங்க. எடையை இறக்கிட்டு வந்தாலும் இங்கதான் நிக்கணும்."