வேட்டியைத் தின்ற மண்

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது என் ஓரகத்தி தெய்வானை. மூத்தவன் என் வயித்துல இருந்த வருசம், கடலைக்காட்டுல களை வெட்டிக்கிட்டே சொன்னா. அவ நல்லா இருக்கணும்.

ஒரு ஊர்ல செங்கோடன், நாச்சாயின்னு புருசன் பொஞ்சாதி இருந்தாங்க. அவங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காடு. அது விளைஞ்சாத்தான் பிள்ளைங்களுக்குக் கஞ்சி. நாச்சாயி காட்டுல சோத்துச் சட்டியைத் திறந்ததும் முதல் பிடியை மண்ணுல வைப்பா. "கண்ணுக்குத் தெரியாத சனமே, நீங்க தின்ன மிச்சம்தான் எங்களுக்கு"ன்னு கும்பிட்டுட்டுத்தான் வாயில வைப்பா.

அப்போ களை மருந்து விக்கிற ஒருத்தன் வந்தான். "எதுக்கு முதுகொடிய வெட்டறீங்க? இதைத் தெளிச்சா ஒரு புல்லு நிக்காது"ன்னான். செங்கோடனுக்கு வாயெல்லாம் பல்லு. போகத்துக்குப் போகம் தெளிச்சான். ஈசானி மூலையில மட்டும், "இது சாமிக்கு விட்டது, இங்க நான் கையாலதான் களை எடுப்பேன்"னு நாச்சாயி தடுத்துட்டா.

முதல் தடவை தெளிச்சப்போ ஒரு மண்புழு வந்து, "எங்க சனத்துக்குத் தலை சுத்துது, ஆத்தா"ன்னுச்சு. ரெண்டாந்தடவை, "பாதிப் பேரு போயிட்டாங்க, ஆத்தா"ன்னுச்சு. மூணாந்தடவை, "பயிருக்குச் சமைச்சுப் போட ஆளில்ல, ஆத்தா, நான் சாமி மூலைக்குப் போறேன்"னு நெளிஞ்சு நெளிஞ்சு போயிருச்சு. அப்புறம் போட்ட சாணி சாணியாவே கிடந்துச்சு, பயிரு மஞ்சளா வெளுத்து நின்னுச்சு, பிள்ளைங்க கஞ்சியில தண்ணி ஏறிச்சு.

"உங்க ராசி சரியில்ல. என் மருந்து மண்ணைச் சுத்தமாக்கும்"னான், மறுபடி வந்த மருந்துக்காரன்.

"அப்படின்னா உங்க தலைப்பாகையைக் குடுங்கண்ணா. அதை இந்தக் காட்டுல புதைப்போம். எங்க வீட்டுக்காரர் வேட்டியைச் சாமி மூலையில புதைப்போம். எது நல்ல மண்ணுன்னு தெரிஞ்சிரும்"னா நாச்சாயி.

"ஏம்புள்ள, இருக்கறதே ரெண்டு வேட்டி"ன்னான் செங்கோடன்.

மழைக்காலம் முடிஞ்சு, ஊர் கூடித் தோண்டினா, தலைப்பாகை புதைச்ச மாதிரியே இருக்கு. வேட்டியில நாலு இழைதான் மிச்சம்.

மருந்துக்காரன் சிரிச்சான். "வேட்டியைத் திருடித் தின்ன மண்ணு எதுன்னு பாத்தீங்களா?"

"அண்ணா, வேட்டியைத் தின்ன வாய்தான் சாணியையும் சருகையும் தின்னு பயிருக்குச் சோறாக்குது. உங்க மருந்து பட்ட இடத்துல தின்ன ஒரு வாயும் இல்ல. அப்புறம் என் பயிருக்கு யாரு ஊட்டுவா?"

மருந்துக்காரன் தலைப்பாகையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனான். மருந்துத் தகரத்தை அவன் தினமும் கழுவி ஊத்தினது அவன் வீட்டு எருக்குழியிலதான். அங்க குப்பை மக்காம, மலையாக் குவிஞ்சு, அவன் வாசலையே அடைச்சு நின்னுச்சு. வீட்டுக்குள்ள போக அவனுக்கு வழியில்ல.

செங்கோடன் சாமி மூலை மண்ணைக் கூடை கூடையா அள்ளி, தொழுவுரத்தோட கலந்து காடெல்லாம் தூவினான். முதுகு ஒடியக் களையும் வெட்டினான். உடனே ஒண்ணும் நடக்கல. ஒருநாள் காலையில மண்புழு தலை நீட்டி, "ஆத்தா, எங்க பிடி எங்க?"ன்னுச்சு. அன்னைக்கு முதல் பிடியைச் செங்கோடனே வெச்சு, குனிஞ்சு கும்பிட்டான்.

அவங்க காடு விளைஞ்சுது, நம்ம தட்டும் நிறைஞ்சிருக்கு; அந்தச் சனத்துக்குக் கோடிக் கும்பிடு. கண்ணுங்களா, நாளைக்குக் காய் நறுக்கினா தோலைக் குப்பை வண்டியில போடாம, ஏதாவது ஒரு செடி அடியில புதைச்சிடுங்க. அங்கயும் யாராச்சும் பசியோட இருப்பாங்க.