வைத்தியர் நீட்டிய குவளை

நடித்துக்கொண்டே விளையாடும் பகடை ஆட்டம் ஒன்று உண்டு. ஒருவர் கதையை நடத்துவார்; கதையில் வந்துபோகிறவர்களுக்கும் அவரே பேசுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். எதிரே பேசுபவர் பொய் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் குட்டு வெளிப்படும். சின்ன எண் விழுந்தால் அவர் சொன்னதை நம்பியாக வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஆனால் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் சட்டம் பாவம், என்ன செய்யும்?

கோவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதையை நடத்தியவன் சிபி. அவன் மனைவி மாதங்கி, யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் அப்பாவிப் படைவீரனாக ஆடினாள். சிபியின் நண்பன் ரஃபீக்கின் பாத்திரம் செங்கோடன் என்ற தளபதி. நஞ்சு தோய்ந்த அம்பு பட்டுக் கிடந்தான். ரஃபீக் பல மாதங்களாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள். செத்தால் மீண்டு வர வழியில்லை.

கதையில் முன்பின் தெரியாத வைத்தியர் ஒருவர் வந்தார். "இதைக் குடித்தால் பிழைப்பான்" என்று குவளையை நீட்டினார். வைத்தியராகப் பேசியவன் சிபி. பேசும்போதே இடது புருவத்தை நீவிக்கொண்டான்.

மாதங்கிக்குச் சுருக்கென்றது. பொய் சொன்னால் அவன் கை புருவத்துக்குப் போகும் என்பதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்தவள் அவள். போன வாரம் இதே மேசையில் அதைச் சொல்லி அவனைக் கிண்டலும் செய்திருந்தாள்.

பகடையை உருட்டினாள். வெறும் இரண்டு.

"உன் வீரனுக்கு ஒரு சந்தேகமும் வரலை" என்றான் சிபி.

"எனக்கு வருதே. குவளையைக் கீழ கொட்டறேன்."

ரஃபீக் தடுத்திருக்கலாம். செங்கோடனுக்கு நினைவு தப்பவில்லை. கை நீட்டி வாங்கியிருக்கலாம். "அண்ணி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்று விட்டுவிட்டான்.

மருந்து மண்ணில் போனது. செங்கோடன் செத்தான். அப்புறம்தான் சிபி வாயைத் திறந்தான். அது நல்ல மருந்தாம். வைத்தியர் சொன்னது அத்தனையும் உண்மையாம். புருவத்தை வேண்டுமென்றே நீவினானாம்.

ரஃபீக்கின் முகம் சுண்டிப்போனது. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: பகடையை மீறிய மாதங்கியா, பொய்முகம் காட்டிய சிபியா, தடுக்காமல் விட்ட ரஃபீக்கா, செங்கோடனைச் சாகடித்தது யார்?

விடை: சிபிதான். ரஃபீக் ஏமாந்தான், அவ்வளவே. மாதங்கி செய்ததும் தப்புதான். சிபி புருவம் நீவும் பழக்கம் அந்த அப்பாவி வீரனுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் ஓர் உயிரைக் காப்பாற்றத்தான் அவள் மீறினாள். சிபியோ, உண்மை பேசும் வைத்தியருக்குப் பொய்யனின் முகத்தைக் கொடுத்தான். வைத்தியராக நடிக்காமல், மனைவியை மடக்க நடித்தான். அதற்கான கூலி ரஃபீக் கிளம்பிய பிறகு கிடைத்தது. "பொய் சொல்ற மாதிரி நடிக்கத் தெரிஞ்சவருக்கு, உண்மை சொல்ற மாதிரி நடிக்கத் தெரியாதா?" என்று கேட்டாள் மாதங்கி. "சத்தியமாத் தெரியாது" என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அது உண்மையா பொய்யா என்று அவளால் சொல்ல முடியவில்லை.