ஜூனோ கேட்ட பேச்சு

ஒன்பது மாதமாக விடிகாலை ஐந்து மணிக்கே மில் முதலாளி தெய்வசிகாமணியின் நாய் ஜூனோவைப் பழக்க அதோடு ஓடி ஓடி, பொன்னுரங்கத்துக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனால் ஜூனோ தேறிவிட்டது. நில் என்றால் நிற்கும், கட்டை தாண்டும், குழாய்க்குள் புகுந்து மறுபக்கம் வரும். நாய்கள் போட்டிக்கு முந்தின நாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"மைதானத்துல நான்தான் இறங்குவேன். நாளைக்கு அது என் பேச்சைக் கேக்கோணும். கேக்கலைன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்."

வாதாட பொன்னுரங்கத்துக்குத் தெம்பில்லை. "சரிங்க ஐயா" என்று வந்துவிட்டார்.

மறுநாள் அத்தனை கூட்டத்துக்கு நடுவே முதலாளி, "ஓடு" என்றார். ஜூனோ அவரை நிமிர்ந்து பார்த்தது, பேசாமல் படுத்துக்கொண்டது. அவர் கத்தினார். அது தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. கூட்டம் சிரித்தது.

"என் பேச்சைக் கேக்கலையே" என்று முதலாளி பொன்னுரங்கத்தின் மேல் பாய்ந்தார்.

"கேட்டுட்டுத்தானுங்க இருக்குது. இத்தனை மாசத்துல நீங்க அதுகிட்டச் சொன்னது, 'போய்ப் படு'ங்கற ஒரே பேச்சுதானுங்களே. இப்ப உங்களைப் பார்த்தாலே படுத்துக்குது."

நடுவராக நின்ற கால்நடை மருத்துவரம்மா, "நாய் தேறிருச்சு சார். நீங்கதான் பாக்கி" என்றார்.

முதலாளி தணிந்த குரலில், "நாளைக்கு எத்தனை மணிக்கு வரோணும்?" என்றார்.

"நீங்க அஞ்சு மணிக்கு வந்து ஜூனோவோட ஓடுங்க ஐயா. நான் ஏழு மணிக்கு வர்றேனுங்க."